பெட்டி கட்டும் முன் ஒரு கேள்வி

சிங்கப்பூரில் ஜனவரி வந்தால் போதும். ஒரு பக்கம் ‘ஓ’ நிலைத் தேர்வு முடிவு, மறு பக்கம் பொங்கல் விருந்து. நடுவில் யாரோ ஒரு சித்தப்பா, “பேசாமல் அவனைப் பெர்த்துக்கு அனுப்பிவிடு” என்று சொல்லிவிட்டு வடையைக் கடிக்கிறார். வடையோடு அவர் வேலை முடிந்தது. கடிதம் எனக்கு வருகிறது. தொடக்கக் கல்லூரிப் பருவத்தை வெளிநாட்டில் படிப்பது பற்றி இம்முறை வந்த கடிதக் கட்டிலிருந்து சில.

டீச்சர், என் மகனுக்கு ஆறு பாடங்களில் 22 புள்ளி. தொடக்கக் கல்லூரிக்கு 20க்குள் இருக்க வேண்டுமாம். இரண்டு புள்ளியில் போய்விட்டது. வெளிநாடு அனுப்பிவிடலாமா?
– ஒரு தாயார், ஈசூன்

இரண்டு புள்ளிக்கு விமானச் சீட்டு கொஞ்சம் விலை அதிகம். முதலில் ஆறில் மோசமான ஒரு பாடத்தைக் கழித்துவிட்டு மறுபடி கூட்டிப் பாருங்கள். மில்லெனியா கல்வி நிலையத்துக்கு ஐந்து பாடம்தான் கணக்கு, 20 புள்ளிக்குள் இருந்தால் போதும். ஆறில் 22 வாங்கிய பிள்ளைக்கு ஐந்தில் பதினேழோ பதினெட்டோ வரும். அங்கே இரண்டு வருடத்துக்குப் பதில் மூன்று வருடம். கடைசியில் எழுதுவது அதே ‘ஏ’ நிலைத் தேர்வு, கிடைப்பதும் அதே சான்றிதழ். “ஒரு வருடம் வீணாகிறதே” என்பீர்கள். லண்டனுக்கு அனுப்பினால் செப்டம்பர் வரை வீட்டில் உட்கார்ந்திருப்பானே, அந்த எட்டு மாதத்தை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

பலதுறைத் தொழிற்கல்லூரியும் இருக்கிறது. அதைச் சொன்னால் சித்தப்பாக்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

பெர்த்தா, லண்டனா? ஒரே வார்த்தையில் பதில் வேண்டும்.
– வாசகர், செங்காங்

நாள்காட்டி.

விளக்கம் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். ஆஸ்திரேலியப் பள்ளி ஆண்டு ஜனவரிக் கடைசியில் அல்லது பிப்ரவரித் தொடக்கத்தில் ஆரம்பிக்கிறது. நவம்பரில் ‘ஓ’ நிலையை முடித்த பிள்ளை நேராகப் பதினோராம் வகுப்பில் போய் உட்காரலாம். ஒரு சிக்கல்: ‘ஓ’ நிலை முடிவு வருவதே ஜனவரியில்தான். ஆகவே முந்தைய ஆண்டிலேயே பள்ளி மதிப்பெண்ணைக் காட்டி விண்ணப்பித்திருக்க வேண்டும். முடிவைப் பார்த்துவிட்டு ஓடுகிறவர்களுக்கு அந்தப் பேருந்து போய்விட்டது.

இங்கிலாந்தில் செப்டம்பரில் தொடக்கம். இரண்டாம் ஆண்டு மே, ஜூனில் தேர்வு, ஆகஸ்ட் நடுவில் முடிவு. நம் பல்கலைக்கழகங்கள் ஆகஸ்ட் மாதமே வகுப்பைத் திறந்துவிடும். பிள்ளை இங்கே திரும்பிப் படிப்பதாக இருந்தால், எதிர்பார்ப்பு மதிப்பெண்ணை வைத்து இடம் தருவார்களா, இல்லை ஒரு வருடம் காத்திருக்க வேண்டுமா என்று இப்போதே கேட்டுவிடுங்கள். இரண்டு வருடம் கழித்துக் கேட்டால் கேள்விக்குப் பதில் புலம்பல்தான் வரும்.

இன்னொன்று. பெர்த்தில் மணி எட்டு என்றால் இங்கும் எட்டு. விமானத்தில் ஏறினால் ஏறக்குறைய ஐந்து மணி நேரம். லண்டனில் பிள்ளை பள்ளி முடிந்து வந்து அழும்போது இங்கே நள்ளிரவு. அழுகைக்கு நேர வித்தியாசம் தெரியாது.

கூடவே போய்த் தங்கலாமா என்று அடுத்த கேள்வி வரும். இங்கிலாந்தில் கூடத் தங்கும் பெற்றோருக்கான விசா 4 முதல் 11 வயதுப் பிள்ளைகளோடு மட்டும். பதினாறு வயதுக்காரனோடு அம்மா போய் உட்கார வழியில்லை. ஆஸ்திரேலியாவில் பாதுகாவலர் விசா என்று தனியாக ஒன்று உண்டு.

நாங்கள் நிரந்தரவாசிகள். மகனுக்கு 15 வயது. அடுத்த ஆண்டு சென்னைக்கு அனுப்பிப் பிளஸ் டூ படிக்க வைக்கலாம் என்று யோசனை. தேசிய சேவை சிங்கப்பூர்க் குடிமக்களுக்குத்தானே?
– ஒரு தந்தை, பொங்கோல்

ஐயா, இந்தக் கேள்வியை நீங்கள் எனக்கு எழுதுவதற்கு முன் ஒரு நண்பரிடம் கேட்டு, அவர் “ஆமாம்” என்று சொல்லியிருப்பார். அந்த நண்பரிடம் இனி சமையல் குறிப்பு மட்டும் கேளுங்கள்.

பெற்றோர் வழியாக நிரந்தரவாசத் தகுதி பெற்ற மகனும் தேசிய சேவைக்குக் கடமைப்பட்டவன்தான். 13 வயதிலிருந்தே, வெளிநாட்டில் நீண்ட காலம் தங்குவதென்றால் எக்ஸிட் பெர்மிட் வேண்டும். படிக்கப் போவது சென்னையா சிட்னியா என்பது அந்தப் படிவத்துக்குக் கவலையில்லை. இரண்டு வருடப் படிப்பென்றால் உத்தரவாதத் தொகையும் கேட்பார்கள்: குறைந்தது 75,000 வெள்ளி, அல்லது பெற்றோர் இருவரின் ஓராண்டு மொத்த வருமானத்தில் பாதி. எது கூடுதலோ அது. பிள்ளை திரும்பி வந்து சேவையில் சேர்வதற்கான பிணை அது. அனுமதியின்றித் தங்கினால் 10,000 வெள்ளி வரை அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் சட்டத்தில் இருக்கிறது.

இவ்வளவு கெடுபிடிக்கும் பின்னால் ஒரு கதை உண்டு. சிறு வயதிலேயே இசை படிக்க இங்கிலாந்து போனவர் பியானோ கலைஞர் மெல்வின் டான். பிறகு பிரிட்டிஷ் குடிமகன் ஆகிவிட்டார், தேசிய சேவைக்குத் திரும்பவில்லை. பல ஆண்டு கழித்து வந்தபோது, 2005இல் நீதிமன்றம் அபராதத்தோடு விட்டது. மகன்களை முகாமுக்கு அனுப்பியிருந்த பெற்றோர் கொதித்துப்போனார்கள். நாடாளுமன்றம் வரை போனது. அதற்குப் பிறகுதான் விதிகள் இறுகின.

புகுமுகப் படிப்பை முடிக்கும் வரை சேவையைத் தள்ளிவைக்க விண்ணப்பிக்கலாம். பல்கலைக்கழகப் படிப்புக்காகத் தள்ளிவைக்க முடியாது. ஆகவே உங்கள் மகன் சென்னையில் பிளஸ் டூ முடித்த கையோடு அங்கேயே பொறியியல் சேர்வதாகத் திட்டமிருந்தால், அந்தத் திட்டம் தேசிய சேவையில் வந்து முட்டும். அவன் முடிவெட்டிக்கொள்ள வேண்டிய இடம் முதலில் தெக்கோங் தீவுப் பயிற்சி முகாம், பிறகுதான் கிண்டிப் பொறியியல் கல்லூரி. நிரந்தரவாசத்தையே விட்டுவிட்டால்? பின்னாளில் அவன் இங்கே படிக்கவோ வேலைக்கோ விண்ணப்பிக்கும்போது அந்தக் கோப்பைத் திறந்து பார்ப்பார்கள்.

என் மகள் போக மாட்டேன் என்கிறாள். எப்படிச் சம்மதிக்க வைப்பது?
– வாசகி, பிடோக்

வைக்காதீர்கள்.

டீச்சர், நான் தொடக்கக் கல்லூரி முதலாம் ஆண்டு. பொருளியலும் கணிதமும் பிடிக்கும். ஜெனரல் பேப்பரில் மூன்று முறை தோற்றுவிட்டேன். வெளிநாட்டில் அந்தப் பாடம் இல்லையாமே?
– பெயர் வேண்டாம், உட்லண்ட்ஸ்

தம்பி, இந்தக் கட்டில் வந்த கடிதங்களிலேயே நேர்மையானது உன்னுடையது. கௌரவத்துக்காக அல்ல, ஒரு பாடத்திடமிருந்து தப்பிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டாய்.

இல்லைதான். இங்கிலாந்தில் பெரும்பாலான மாணவர்கள் எடுப்பது மூன்றே பாடம். இங்கே மூன்று ‘எச் டூ’, ஒரு ‘எச் ஒன்’, ஜெனரல் பேப்பர், தாய்மொழி, புராஜெக்ட் வொர்க் என்று தட்டு நிறையப் பரிமாறுகிறார்கள். மூன்று பாடத்தில் ஆழமாக இறங்கப் பிடித்த பிள்ளைக்கு அந்த முறை உண்மையாகவே பொருந்தும். இருபத்தைந்து வருடம் கரும்பலகை முன் நின்றவள் சொல்கிறேன், அப்படிப்பட்ட பிள்ளைகள் உண்டு. அங்கே தேர்வு முழுவதும் இரண்டாம் ஆண்டுக் கடைசியில்தான். முதலாண்டு மதிப்பெண் கணக்கில் சேராது. கடைசி நேரத்தில் படித்துப் பழகியவனுக்கு அது வரமா சாபமா என்று நீயே சொல்.

ஆனால் பெட்டியைத் திற. உள்ளே என்ன போகிறது பார்: கம்பளிச் சட்டை இரண்டு, அம்மா வைத்த பருப்புப்பொடி, கால்குலேட்டர். எல்லாவற்றுக்கும் அடியில், ஒரு பத்தியில் சொல்ல வந்ததைச் சொல்லத் தெரியாத அந்தப் பழக்கமும் மடித்து வைத்திருக்கும். பொருளியல் கட்டுரையில் அது வெளியே வந்துவிடும். பல்கலைக்கழக விண்ணப்பத்தில் உன்னைப் பற்றி எழுதச் சொல்வார்கள், அங்கும் வரும்.

இன்னொரு செய்தி தெரியுமா? உள்ளூர்ப் பல்கலைக்கழகங்கள் 2026 சேர்க்கையிலிருந்து கணக்கை 90 புள்ளியிலிருந்து 70க்குக் குறைத்துவிட்டன. மூன்று ‘எச் டூ’வும் ஜெனரல் பேப்பரும்தான் அடிப்படை. நாலாவது பாடம் உன் புள்ளியை உயர்த்தினால் சேர்த்துக்கொள்வார்கள், இல்லையென்றால் விட்டுவிடுவார்கள். புராஜெக்ட் வொர்க் தேர்ச்சி பெற்றால் போதும். தட்டு முன்பைப் போல் நிறையவில்லை. ஆறு மாதம் தினமும் ஒரு தலையங்கம் படித்து, அதை மறுத்து அரைப் பக்கம் எழுதிப் பார். அப்புறமும் போக வேண்டும் போலிருந்தால் போ. அப்போது நீ ஓடிப்போகிறவன் அல்ல, புறப்பட்டுப் போகிறவன்.

முகவர் ஒருவர் எல்லாம் இலவசமாகச் செய்து தருகிறேன் என்கிறார். நல்லவர் போலிருக்கிறது.
– ஒரு தம்பதியர், ஜூரோங் வெஸ்ட்

நல்லவராகவே இருக்கலாம். சம்பளம் பள்ளியிடமிருந்து வருகிறது. பெரும்பாலும் பிள்ளை சேர்ந்த பிறகுதான் அவருக்குத் தரகுத்தொகை. ஆகவே அவர் பட்டியலில் இல்லாத பள்ளியைப் பற்றி ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். முகம் மாறினால் தெரிந்துவிடும்.

கட்டணத்தாளில் முதல் பக்கத்தில் இருப்பதைப் படிக்கத் தெரியாதவர் இல்லை. இல்லாததைக் கேளுங்கள். இங்கிலாந்து விடுதிப் பள்ளிகளில் தவணை நடுவில் ஒரு வாரம் விடுமுறை வரும். பல விடுதிகள் அப்போது பூட்டிவிடும். பிள்ளை எங்கே போகும்? அதற்குத்தான் அங்கே ஒரு பாதுகாவலர் வைக்கச் சொல்கிறார்கள். அவருக்குத் தனிக் கட்டணம். தனியார் பள்ளிக் கட்டணத்தின் மேல் 2025 ஜனவரி 1 முதல் 20 விழுக்காடு வரி வேறு. ஆஸ்திரேலியாவில் மாணவர் விசா விண்ணப்பத்துக்கே 2025 ஜூலையிலிருந்து 2,000 ஆஸ்திரேலிய டாலர். விசா கிடைக்காவிட்டாலும் பணம் திரும்பாது என்று வைத்துக்கொண்டே கட்டுங்கள்.

பன்னிரண்டாம் வகுப்புக்குப் பதில் ஒரே வருடத்தில் முடிகிற பவுண்டேஷன் படிப்பு இருக்கிறதாமே. ஏன் எல்லோரும் அதையே எடுப்பதில்லை?
– வாசகர், தோ பாயோ

அது பக்கவாசல். அந்த வீட்டுக்குள் போக வசதியானது. மெல்பர்ன் பல்கலைக்கழகத்துக்கு டிரினிட்டி கல்லூரியின் பவுண்டேஷன் படிப்பு அப்படி ஒன்று, பெயர் பெற்றது. எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் படிப்பு என்று பிள்ளைக்கு உறுதியாகத் தெரிந்திருந்தால் ஒரு வருடம் மிச்சம். பாதியில் மனம் மாறினால்தான் தொல்லை. ‘ஏ’ நிலையோ ஐபி என்ற இன்டர்நேஷனல் பக்கலோரியேட்டோ பல நாட்டுக் கதவுக்கும் பொருந்தும் சாவி. பவுண்டேஷன் சான்றிதழைப் பக்கத்து வீட்டுக் கதவில் போட்டால் திரும்பாமலும் போகலாம். பதினாறு வயதில் மனம் மாறாத பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஆஸ்திரேலியாவில் ஏட்டார் 99.95தான் உச்சமாமே. மீதி 0.05 எங்கே போயிற்று?
– கணக்கு வாத்தியார், கிளமெண்டி

ஓய்வு பெற்றும் விடமாட்டீர்களா! அது மதிப்பெண் அல்ல, பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான தரவரிசை. 80 என்றால் நூற்றுக்கு 80 வாங்கினான் என்று அர்த்தமில்லை, தன் வயதுக் கூட்டத்தில் ஏறக்குறைய 80 விழுக்காட்டினரைத் தாண்டி நிற்கிறான் என்று அர்த்தம். முதலிடத்தில் இருப்பவன் தன்னைத் தானே தாண்ட முடியாதே. அதனால் 100 கிடையாது. இதைத் தெரியாமல் “எண்பதுதானா?” என்று தொலைபேசியில் அழுத அம்மாக்கள் எனக்குத் தெரியும்.

ஜொகூர் பாருவில் இருக்கிறோம். மகனைத் தொடக்கக் கல்லூரிக்குச் சிங்கப்பூர் அனுப்ப ஆசை. தினமும் போய் வரலாமா?
– வாசகி, ஜொகூர் பாரு

அம்மா, விடியுமுன் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் நின்று பார்த்திருக்கிறீர்களா? பள்ளிச்சட்டை போட்ட பிள்ளைகள், ஒரு கையில் பாஸ்போர்ட், மறு கையில் பாதி கடித்த ரொட்டி. நாலு மணிக்கு எழுந்திருக்கும் முகம் அது. பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டர்தான், வரிசையின் நீளம்தான் வேறு. தொடக்கப்பள்ளியில் தாக்குப்பிடிக்கும் பிள்ளை, மாலை ஆறு வரை ஆய்வுக்கூடம் இருக்கும் வயதில் தளர்ந்துவிடும். விடுதி இல்லாமல் யோசிக்காதீர்கள்.

விடுதியையும் கட்டணத்தையும் சேர்த்தே தருவது சிங்கப்பூர்க் கல்வி அமைச்சின் ஆசியான் உபகாரச் சம்பளம். தேர்வும் நேர்காணலும் உண்டு. பணிப்பிணைப்பு கிடையாது. எஸ்பிஎம் முடிவுக்காகக் காத்திருந்தால் இங்கே வகுப்பு தொடங்கிவிட்டிருக்கும், ஆகவே நாலாம் ஐந்தாம் படிவத்திலேயே அறிவிப்பைப் பாருங்கள். கிடைக்காவிட்டால் தலைகுனிய ஒன்றுமில்லை. உங்கள் பக்கத்திலேயே எஸ்டிபிஎம் மூன்று தவணைத் தேர்வு. மலிவானது, கடினமானது, மதிப்புள்ளது. மலிவு என்பதாலேயே அதை மதிக்காமல் விடுகிறோம்.

மகள் கோவையில் பத்தாம் வகுப்பு. ஏஇஐஎஸ் தேர்வு எழுதிச் சிங்கப்பூர் தொடக்கக் கல்லூரியில் சேரலாமா?
– ஒரு தந்தை, கோயம்புத்தூர்

சேர முடியாது. வெளிநாட்டு மாணவர் சேர்க்கைக்கான அந்தத் தேர்வு உயர்நிலை மூன்று வரைதான். அதில் சேர்ந்தால் வயதில் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, ‘ஓ’ நிலை எழுதி, பிறகுதான் தொடக்கக் கல்லூரி. ஆசியானுக்கு வெளியிலிருந்து வரும் மாணவருக்குத் தொடக்கக் கல்லூரிக் கட்டணமே மாதம் 2,000 வெள்ளிக்கு மேல். ஒரு நல்ல சேதி: மாணவர் அட்டையில் இருக்கும் பிள்ளையோடு அம்மாவோ பாட்டியோ தங்க விண்ணப்பிக்கலாம். அப்பாவுக்கு அந்தச் சலுகை இல்லை, நீங்கள் கோவையிலேயே இருந்து பணம் அனுப்ப வேண்டியதுதான்.

எந்த நாடு போனாலும் ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடம் கழித்து, “அப்பா, தமிழ்நாட்டிலேயே டாக்டருக்குப் படிக்கிறேன்” என்றால்? ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டிலேயே படித்த பிள்ளைக்கு மருத்துவக் கலந்தாய்வில் பிறப்பிடச் சான்றிதழ் கேட்பதில்லை. உங்கள் மகளிடம் கேட்பார்கள். வெளிநாட்டுச் சான்றிதழுக்கு இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கத்திடம் இணைத்தகுதிச் சான்றும் வாங்க வேண்டும். இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றையும் விடாமல் எடுக்கச் சொல்லுங்கள். மூன்றே பாடம் என்ற மகிழ்ச்சியில் உயிரியலை விட்டு நாடகக்கலை எடுத்துவிட்டால் நீட் என்ற மருத்துவ நுழைவுத் தேர்வின் கதவு சாத்திக்கொள்ளும்.

எங்கள் காலத்தில் மெட்ராஸில் இந்தப் புகுமுகப் படிப்புக்குப் பி.யூ.சி. என்று பெயர். ஒரே வருடம், அதுவும் கல்லூரி வளாகத்திலேயே. 1978இல் பிளஸ் டூ வந்து அதை மீண்டும் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துப் போனது. பேண்ட் போட்ட உடனே மறுபடி டிரவுசர் மாட்டிவிட்ட மாதிரி என்று என் அண்ணன் சொல்வார்.

நாங்கள் சிங்கப்பூர்க் குடிமக்கள், மகளுக்கு ஓசிஐ அட்டை இருக்கிறது. சென்னையில் பிளஸ் டூ, பிறகு அங்கேயே எம்.பி.பி.எஸ்.?
– வாசகி, சிராங்கூன்

அட்டையை எடுத்துத் தேதியைப் பாருங்கள். 2021 மார்ச் 4 அன்று இந்திய உள்துறை அமைச்சு ஓர் அறிவிக்கை போட்டது: ஓசிஐ அட்டைக்காரர்களுக்கு வெளிநாடுவாழ் இந்தியருக்கான இடங்களும் கூடுதல் இடங்களும்தான். அந்தத் தேதிக்கு முன்பே அட்டை வாங்கியவர்களை இது கட்டாது என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. உங்கள் செலவு லட்சத்திலா கோடியிலா என்பதை அந்த ஒரு தேதி முடிவு செய்யலாம்.

படித்துவிட்டு இங்கே வந்து மருத்துவம் பார்க்க ஆசையா? சிங்கப்பூர் மருத்துவ மன்றம் ஏற்கும் வெளிநாட்டு மருத்துவப் பள்ளிகள் 2020இல் 160லிருந்து 103 ஆகக் குறைந்தன. 2025இல் 112 ஆயின. நீங்கள் நினைக்கும் கல்லூரி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிளஸ் டூ சீருடைக்கு அளவு கொடுங்கள்.

வெளிநாடு போனால் தமிழ் மறந்துவிடுமே?
– தாத்தா, தெம்பனிஸ்

இங்கே இருந்தே மறப்பவர்களை என்ன செய்வது ஐயா! சிட்னியிலும் மெல்பர்னிலும் பன்னிரண்டாம் வகுப்புக்குத் தமிழ் ஒரு தேர்வுப் பாடம். அதில் வாங்கும் மதிப்பெண் ஏட்டார் கணக்கிலும் சேரும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன. ஐபி படிப்பில் தாய்மொழி இலக்கியத்தைப் பள்ளி மேற்பார்வையில் தானே படிக்கும் வழி ஒன்றுண்டு, தமிழுக்கு ஏற்பாடு செய்வார்களா என்று சேரும் முன் எழுதிக் கேளுங்கள். நீங்கள் வாரம் ஒரு கடிதம் போடுங்கள், தமிழில், கையால். உங்கள் எழுத்தைப் படிப்பதற்கே தனித் தமிழறிவு வேண்டும், உங்கள் கடிதத்தைப் பார்த்தே சொல்கிறேன்.

அடுத்த வாரம் மகள் பெர்த் போகிறாள். கறிவேப்பிலை கொடுத்து அனுப்பலாமா?
– அம்மா, புக்கிட் பாத்தோக்

பச்சை இலை கூடாது. பிடுங்கிக்கொள்வார்கள், மறைத்தால் அபராதமும் போடுவார்கள். மற்ற உணவுப் பொருள் எதுவானாலும், ஹார்லிக்ஸ் பாட்டிலில் அடைத்த இட்லிப்பொடி உட்பட, வருகை அட்டையில் ‘ஆம்’ என்று குறிக்கச் சொல்லுங்கள். காட்டிவிட்டுக் கேட்டால் பெரும்பாலும் சிரித்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். பாட்டிலின் மேல் உள்ளே என்ன இருக்கிறது என்று ஆங்கிலத்தில் ஒரு சீட்டு ஒட்டிவிடுங்கள்.